ஸ்கேன் மாமா

மடத்துக்குளத்தில் ஒருவருக்கு வயிற்றுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றால், அந்தச் சீட்டு வீடு போய்ச் சேரும் முன்பே சேதி நால்ரோட்டுப் பேக்கரிக்குப் போய்விடும். அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும் ஸ்கேன் மாமா தம்ளரைக் கீழே வைப்பார். "சும்மா ஸ்கேனா, குடிக்கிற ஸ்கேனா?" என்று கேட்பார். ஜெல் தடவி வயிற்றின் மேல் உருட்டுகிற ஸ்கேன் என்றால் தம்ளர் மறுபடி கைக்குப் போய்விடும். அதற்கெல்லாம் அவர் துணைக்கு வருவதில்லை. குடிக்கிற ஸ்கேன் என்றால், "எத்தன லிட்டரு?" என்று அடுத்த கேள்வி வரும். ஒன்றரை லிட்டர் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

இவர் ஒருவர் மட்டும் அல்ல. கணியூரில் ஒருவர் இருக்கிறார், கொழுமத்தில் ஒருவர், காரத்தொழுவில் ஒருவர். அமராவதிப் பாசனத்தில் தென்னைக்குப் பஞ்சமில்லாதது போலவே இவர்களுக்கும் பஞ்சமில்லை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நூல் மில், காகித மில், சர்க்கரை ஆலை என்று எங்கேயாவது வேலை பார்த்து ஓய்ந்தவர். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். வீட்டில் இவருடைய யோசனையை யாரும் கேட்பதில்லை. தகுதி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: எப்போதோ ஒருமுறை ஆஸ்பத்திரியில் எதையோ குடித்துவிட்டுப் படம் எடுத்திருக்க வேண்டும்.

நம் மாமா குடித்தது பேரியம். மில்லில் மேஸ்திரியாக இருந்த காலத்தில் வயிற்றுவலி வந்து, அதைக் குடிக்கவைத்து, விட்டு விட்டு எக்ஸ்ரே எடுத்து, அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலின் வாசலை எட்டும் வரை அரை நாள் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த எக்ஸ்ரே இன்னும் கட்டில் மெத்தைக்கு அடியில் சுருளாமல் இருக்கிறது. "செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பையே குடிச்சவன் மாப்ளே நானு. இப்பக் குடுக்கறதெல்லாம் சர்பத்து" என்பதுதான் அவர் பேச்சின் பல்லவி.

சுண்ணாம்பு அல்ல, பேரியம் சல்ஃபேட். பாரைட்ஸ் என்ற கனிமம்தான் அது. ஆந்திராவில் பழைய கடப்பா மாவட்டத்து மங்கம்பேட்டையில் அது கிடைக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய படிவுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. வெட்டியெடுப்பதில் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் துளைச் சேற்றுக்குப் போகும். சுத்தப்படுத்திய சல்ஃபேட்டில் கொஞ்சம் நோயாளிகளின் தொண்டைக்குள் இறங்கும். இதே பேரியத்தின் கார்பனேட் உப்பு எலி மருந்தாகப் பயன்பட்டது. சல்ஃபேட் மட்டும் தண்ணீரிலும் வயிற்று அமிலத்திலும் கரையாது, ரத்தத்தில் சேராது, போன வழியே வெளியே வந்துவிடும். யாரோ இதை மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து, "எலி மருந்தோட பங்காளியக் குடிச்சுச் செரிச்சவன்" என்று அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அது செரிக்காது என்பதுதான் அதன் விசேஷமே.

இந்த வரிசையில் மாமாவுக்கும் மூத்த ஒருவர் உண்டு. அவர் ஒரு வாத்து. 1895 நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனன் என்ற மாணவர், கழுத்து நீளமாக இருக்கிறதே என்று வாத்து ஒன்றைப் பிடித்து, பிஸ்மத்தை விழுங்க வைத்து, அது கழுத்துக்குள் இறங்குவதை எக்ஸ்ரேயில் பார்த்தார். அப்புறம் பூனைகளின் முறை வந்தது. 1904-இல் மியூனிக்கில் ஹெர்மன் ரீடர் என்ற மருத்துவர் பிஸ்மத்தைக் கஞ்சியில் கலந்து மனிதர்களுக்கே கொடுத்தார். அது சிலருக்கு நஞ்சாகிப்போகவே, 1910 வாக்கில் பேரியம் சல்ஃபேட் அந்த இடத்தைப் பிடித்தது. வாத்துக்குத் துணைக்கு யாரும் போனதாகத் தகவல் இல்லை.

இப்போது குடல் சி.டி. ஸ்கேனுக்குப் பல இடங்களில் கொடுப்பது மானிட்டால். மூளை வீக்கத்துக்கு நரம்பில் ஏற்றுகிறார்களே, அதே 20 சதவீத மருந்துதான். 100 மில்லி பாட்டில் இரண்டை உடைத்துத் தண்ணீரில் கலந்து ஒன்றரை லிட்டர் ஆக்கிக் கொடுப்பார்கள். லேசான இனிப்பு. முதல் தம்ளர் பரவாயில்லை என்றிருக்கும். மூன்றாவது தம்ளரில் அந்த இனிப்பே பகையாகிவிடும்.

மாமா துணைக்குப் போனவர்களில் ஓவர்லாக் தைக்கிற பையன் ஒருவன். வலது அடிவயிற்றில் மாதக்கணக்காக வலி, எடையும் குறைந்துவிட்டது. கோயம்புத்தூரில் டாக்டர் இந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்துவிட்டார். மாமா உக்கடத்தில் பஸ் இறங்கியதிலிருந்து பாடம் நடத்திக்கொண்டே வந்தார். பையன் நியாயமான கேள்வி ஒன்று கேட்டான்.

"ஏனுங் மாமா, வெறும் தண்ணியக் குடிச்சா ஆகாதுங்களா?"

"ஆகாது மாப்ளே."

"ஏனுங்க?"

"தண்ணிக்குப் பவரு பத்தாது."

பதில் தப்பு, ஆனால் முழுத் தப்பும் அல்ல. சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். காலியாக இருந்தால் அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எது வீக்கம், எது வெறும் மடிப்பு என்று படத்தில் தெரியாது. தண்ணீரைக் குடித்தால் குடலின் கடைசிப் பகுதிக்குப் போகும் முன்பே வழியில் உறிஞ்சப்பட்டுவிடும். மானிட்டாலைக் குடல் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. அது தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு கடைசி வரை போய்க் குடலை விரித்து நிறுத்தும். அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற அந்த முக்கில்தான் குடல் காசநோய் வந்து உட்காரும், கிரோன் நோயும் உட்காரும். நம் நாட்டில் இந்த இரண்டையும் பிரித்தறிவது டாக்டர்களுக்கே பெரிய தலைவலி. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதை வளர்த்துவிடவும் கூடும். அதனால்தான் இந்த ஒன்றரை லிட்டர்.

மாமாவின் மற்ற சித்தாந்தங்களைப் பற்றி இவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு, ஸ்கேனுக்குப் போடுகிற அயோடின் ஊசி ஆகாது என்பார். மீன் ஒவ்வாமை மீனின் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. முன்பு இதே ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றுதான் ஸ்கேன் அறையில் கேட்பார்கள். அதற்குத்தான் முன்கூட்டியே கிரியாட்டினின் பார்ப்பது. ஸ்கேன் எடுத்த உடம்பில் 'கரண்ட்' இருக்கும், இரண்டு நாளைக்குப் பேரப்பிள்ளைகளைத் தூக்கக்கூடாது என்பார். எக்ஸ் கதிர் உடம்பில் தங்காது. மெஷின் நின்றதும் அதுவும் நின்றுவிடும். கதிர்வீசும் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது வேறு வகை ஸ்கேன். சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதாமல் இருப்பதே நல்லது. மெட்ஃபார்மினை நிறுத்துவதா வேண்டாமா என்பதைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ஆனால் தம்ளரைக் கையில் கொடுத்தபின் மாமா வேறு ஆள். தியரியில் பூஜ்யம் வாங்கியவர் பிராக்டிகலில் நூற்றுக்கு நூறு எடுப்பார்.

அவருடைய மஞ்சப்பையைத் திறந்து பார்த்தாலே தெரியும். முனையில் மடங்குகிற ஸ்ட்ரா நான்கு. எவர்சில்வர் தம்ளர் ஒன்று. பேப்பர் கப்பில் குடித்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம், தம்ளரில் தெரியாது என்பது அவர் கணக்கு. வாய் துடைக்கப் பனியன் வேஸ்ட் ஒரு கத்தை. மகன் கம்பெனி கட்டிங் டேபிளில் விழுந்த துண்டுகள், எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம், ஐரோப்பாவில் எங்கோ ஒரு குழந்தையின் டி-ஷர்ட்டில் மீந்தவை. மாற்று வேட்டி ஒன்று. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு இரண்டுக்கும் ஜெராக்ஸ் நான்கு நான்கு. அடியில் அவருக்கு மட்டும் ஒரு பொட்டலம் நிலக்கடலை. நோயாளி ஆறு மணி நேரமாகப் பட்டினி என்பது அவருக்குத் தெரியும். நல்லவர்களுக்கும் ஒரு குறை இருக்கத்தான் செய்யும்.

சிஸ்டர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் நான்கு கோடு போட்டிருந்தது. பையன் முதல் தம்ளரை மூக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கவிழ்க்கப் பார்த்தான். மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"ஒரே மூச்சுல அடிக்காதீங்க மாப்ளே. வயிறு திருப்பி அனுப்பிரும். பொறவு மொதல்லருந்து ஆரம்பிக்கோணும். ஸ்ட்ராவ நாக்குக்குப் பின்னால வெச்சு உறிஞ்சுங்க. பேச்சக் குடுத்துட்டே குடிங்க."

"என்ன பேசறதுங்க மாமா?"

"எதையாச்சும் பேசுங்க. உங்க சூப்பர்வைசரத் திட்டுங்க."

அது வேலை செய்தது. சூப்பர்வைசரில் ஒரு தம்ளர் போனது. போன வருஷத்து போனஸில் இன்னொரு தம்ளர். இடையில் சிஸ்டரிடம், "அம்மிணி, சித்த ஜில்லுனு கெடைக்குமா?" என்று கேட்டு மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். குளிர்ந்தால் இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டாரா, பட்டுத் தெரிந்துகொண்டாரா என்று கேட்டால் சிரிப்பார். ஒவ்வொரு தம்ளருக்கும் பிறகு பையனை எழுப்பி வராந்தாவில் நடக்கவிட்டார். நடந்தால் உள்ளே இறங்கும், உட்கார்ந்தே இருந்தால் தொண்டையிலேயே நிற்கும் என்பது மாமா சாஸ்திரம். பக்கத்து பெஞ்சில், கணவனுக்குத் துணையாக வந்திருந்த அம்மாவிடமும் அவர் கணவனுக்கென்று ஸ்ட்ரா ஒன்று கொடுத்தார். கால் மணி நேரத்தில் அந்த வராந்தாவில் மூன்று பேர் ஷிப்ட் போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றார். மேஸ்திரி வேலை விட்டுப் போகவில்லை.

"அய்யா, நீங்க சித்த வெளிய உக்காருங்க" என்று சிஸ்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "அய்யா, அந்த அண்ணனையும் கொஞ்சம் குடிக்க வெச்சிருங்க" என்றார்.

கடைசித் தம்ளரை முன்னாடியே முடித்துவிடக்கூடாது என்பதிலும் மாமா கறார். அதை மேஜையில் ஏறுவதற்குச் சற்று முன் தருவார்கள், இரைப்பையும் அதை ஒட்டிய முன்குடலும் நிறைந்திருப்பதற்காக. "கடசி கெளாசுக்கு எடம் வெச்சுக்குங்க" என்று பந்தியில் பாயசத்துக்குச் சொல்கிற தொனியில் சொல்லி வைத்தார். ஊசியைப் பற்றியும் காதோடு ஒரு தகவல்: "மருந்து ஏறறப்ப ஒடம்பெல்லாம் சூடு பரவும். வேட்டி நனைஞ்சுபோச்சுன்னு தோணும். நனைஞ்சிருக்காது. வெசனப்படாதீங்க." இது அட்சர சுத்தமான உண்மை. அயோடின் மருந்து ரத்தக்குழாய்களை விரிப்பதால் வருகிற சூடு அது. தொண்டையிலும் அடிவயிற்றிலும்தான் அதிகம் தெரியும். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாமல் விட்டதால் மேஜையிலேயே வெட்கத்தில் குன்றிப்போனவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளே மெஷின் மூச்சை இழுக்கச் சொன்னது, நிறுத்தச் சொன்னது, விடச் சொன்னது. ஒரு மணி நேரம் குடித்ததற்குப் படம் எடுக்க ஆனது சில வினாடிகள். பையனுக்கு ஏமாந்த மாதிரி இருந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். பேரியம் இரண்டு நாளைக்கு வெளியே வராமல் அடம்பிடிக்கும், வந்தால் வெள்ளையாக வரும். மானிட்டால் நேர் எதிர். அதற்குப் பொறுமை கிடையாது. கோவையிலிருந்து மடத்துக்குளத்துக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் மாமா ஒருவர்தான். ஸ்கேன் முடிந்ததும் ஊருக்குக் கிளம்ப விடமாட்டார். ஆஸ்பத்திரிக் கழிவறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்து, வயிற்றின் கடமுடா அடங்கும் வரை பேரியம் கதையை முதலிலிருந்து சொல்வார். உக்கடத்தில் பஸ் ஏறும்போது கதவுக்குப் பக்கத்து சீட்டைப் பிடிப்பார். கிணத்துக்கடவில் எங்கே இறங்கலாம், பொள்ளாச்சி ஸ்டாண்டில் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும், கட்டணக் கழிப்பிடத்தில் சில்லறை இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது எல்லாம் விரல் நுனியில். கண்டக்டர் காதில் ஏதோ சொல்வார். கண்டக்டர் பையனை ஒரு தடவை பார்த்துவிட்டு டிரைவரிடம் போய்ச் சொல்வார். கோமங்கலத்தில் பஸ் நிற்க வேண்டாத இடத்தில் நின்றது.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. பையன் அதை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில், மாமா நால்ரோட்டில் மறித்து வாங்கி, மெடிக்கல் ஷாப் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் "சரி, சரி, மேல போ" என்று தள்ளினார். பையனுக்கு எந்த இடத்தில் வீக்கம், அடுத்து கொலனோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்பது கீழே இருந்தது. அது டாக்டர் சோலி என்று அதையும் விட்டுவிட்டார். நடுவில் ஒரு வரி வந்தது: சிறுகுடல் சுருள்கள் நன்றாக விரிந்துள்ளன.

"அதத் திருப்பிப் படி" என்றார்.

தம்பி திருப்பிப் படித்தான். மாமா அவனுடைய பேனாவை வாங்கி அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, ரிப்போர்ட்டைப் பையன் கையில் கொடுத்தார். "டாக்டர்கிட்டக் காட்டறப்ப இந்த எடத்தக் காட்டுங்க மாப்ளே. கொலனோஸ்கோபிக்கு ரெண்டு லிட்டராமா. தேதி குடுத்தா ஒரு போன் போடுங்க."