முடியாது என்று சொல்லத் தெரிந்த தாஸ்கா

பிள்ளையைத் தாஸ்காவில், அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில், சேர்க்கப்போகும் பெற்றோரும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பாட்டிமாரும் கேட்டவை. அம்பாங் பெச்சா முதல் கோலசிலாங்கூர்வரை.

கே: பிரசவ விடுப்பு 98 நாளும் முடியப்போகிறது. மூன்று தாஸ்கா பார்த்தேன், மூன்றும் அழகாக இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்க? (அம்பாங் பெச்சா)

ப: சுவரில் இருக்கும் மிக்கி மவுஸை விடுங்கள், அது எந்தக் குழந்தையையும் தூக்கியதில்லை. மூன்று இடத்திலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "ராத்திரி காய்ச்சல் இருந்தது, மருந்து கொடுத்துவிட்டேன், இன்றைக்கு விட்டுப்போகலாமா?" "அதற்கென்ன, விடுங்கள்" என்றால் அவர் வியாபாரி. "முடியாதும்மா" என்றால் உள்ளே போய் உட்காருங்கள். காசு கொடுப்பவரிடமே மறுத்துப் பேசுகிற இடம்தான், நீங்கள் பார்க்காத நேரத்திலும் விதியைக் காப்பாற்றும்.

கே: பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? (ராசா)

ப: கோபித்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிப் பார்த்தாலே அது தாஸ்கா. 1984-ஆம் ஆண்டின் 308-ஆம் சட்டப்படி சமூகநல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். பதிவு என்றால் வெறும் தாள் இல்லை. போம்பா என்ற தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா, நகராண்மைக் கழகம் ஆகியவையும் அந்த இடத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். சான்றிதழில் இரண்டைப் பாருங்கள்: காலாவதித் தேதி, முகவரி. அந்த முகவரி நீங்கள் நிற்கிற வீடுதானா? இன்னொரு கிளையின் சான்றிதழை நகல் எடுத்து மாட்டினால் இந்தக் கூரைக்கு அது செல்லாது. கொசுறுச் செய்தி: பதிவு பெற்ற தாஸ்கா கட்டணத்துக்குத்தான் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு.

கே: எங்கள் வரிசையில் ஓர் அக்கா தனியாகவே எட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறார். ரொம்பக் கைராசிக்காரர். (பத்தாங்காலி)

ப: ராசி எத்தனை இருந்தாலும் கை இரண்டுதான். 2012-ஆம் ஆண்டு தாஸ்கா விதிகளின்படி ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை 5 பேருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுவரை 10 பேருக்கு ஒருவர். அந்த எட்டில் மூன்று கைக்குழந்தை, ஐந்து நடைபழகும் பிள்ளை என்றால் இரண்டு பேர் வேண்டும். இது யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்று நினைக்காதீர்கள். அடுப்படியில் தீப்பிடித்தால் ஒருவர் எத்தனை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று எண்ணிப்பாருங்கள், புரியும். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் வீட்டுத் தாஸ்காவாகப் பதியலாம். அக்காவைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. ஜேகேஎம் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், உதவிக்கு ஓர் ஆளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கே: நாங்களெல்லாம் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவர்கள். இந்தப் பாரம், பதிவேடு, விரல்ரேகை எதுவும் கிடையாது. என்ன ஆகிவிட்டது எங்களுக்கு? (ஒரு பாட்டி, புக்கிட் ரோத்தான்)

ப: ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல, ஒன்றும் ஆகாதவர்கள்தானே மிஞ்சியிருக்கிறோம் பாட்டி!

ஆனாலும் ஆயாவைக் குறைத்துப் பேச மாட்டேன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடிய தாய், தூக்கம் கலையாத பிள்ளையை அங்கேதான் போட்டுவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனாள். ஆயாவுக்குப் பிள்ளையின் அப்பன் யார், தாய்மாமன் யார், தாய் இன்றைக்கு எந்த நிரையில் நிற்கிறாள் என்பதெல்லாம் அத்துப்படி. வெளியாள் ஒருவன் லயத்துப் பக்கம் வந்தால் நாயிலிருந்து கிராணிவரை விசாரித்துவிடுவார்கள். அந்த அறிமுகமே பூட்டாக இருந்தது. தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகி, நாம் ஆளுக்கொரு தாமானுக்குப் போன பிறகு அந்தப் பூட்டு தொலைந்துவிட்டது. ஆயாவின் ஞாபகத்தில் இருந்ததைத்தான் இன்று பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள். தோட்ட முதலாளிகளுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும் கடமை உண்டு. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் வீடுகளோடு பிள்ளைப் பராமரிப்பு இடத்தையும் சேர்த்தே பேசுகிறது.

கே: என் சொந்தத் தம்பி போய் நின்றும் பிள்ளையைக் கொடுக்கவில்லை. குடும்பத்துக்கே அவமானம்! (கோலகுபு பாரு)

ப: தம்பி என்பது முகத்தில் எழுதியா இருக்கிறது? நல்ல தாஸ்காவில் பிள்ளையை அழைத்துப் போக அனுமதிக்கப்பட்டவர்களின் பெயர், அடையாள அட்டை எண், படம் எல்லாம் சேரும் நாளிலேயே வாங்கிவிடுவார்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால் உங்களுக்குப் போன் வரும். நீங்கள் எடுக்காவிட்டால் அவர் வாசலில் நிற்பார். கணவன் மனைவிக்குள் வழக்கு நடந்தால் நீதிமன்ற உத்தரவின் நகலையும் கொடுத்துவையுங்கள். குடும்பச் சண்டையில் தீர்ப்புச் சொல்லும் வேலையை ஆசிரியை தலையில் கட்டக் கூடாது. தம்பிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள், தாஸ்காவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

கே: பிள்ளை வராத நாளில் ஒன்பது மணிக்கெல்லாம் "ஏன் வரவில்லை" என்று போன். பள்ளிக்கூடமா இது? (செரெண்டா)

ப: அந்தப் போன் வராததால் போன உயிர்கள் உண்டு. பிள்ளையைத் தாஸ்காவில் இறக்கிவிட்டதாகவே நம்பி, நேரே வேலைக்குப் போய், பின்னிருக்கையில் தூங்கும் குழந்தையைக் காரோடு பூட்டிய பெற்றோர் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். படித்தவர்கள், பாசமானவர்கள்தான். தினமும் ஓட்டும் பாதையில் கை தானாக ஓட்டும்போது மூளை "இறக்கிவிட்டேன்" என்று கணக்கு எழுதிவிடும். நம் வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களில் கொதிக்கும். ஆகவே போன் செய்யாத தாஸ்காவிடம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பங்குக்குக் கைப்பையைப் பின்னிருக்கையில் வையுங்கள். குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம், ஞாபகம் இருக்கட்டும்.

கே: காலையில் வாசலிலேயே கை, கால், முதுகு என்று துருவிப் பார்க்கிறார்கள். எங்களைச் சந்தேகப்படுகிறார்களா? (பெஸ்தாரி ஜெயா)

ப: உங்களையும் அவர்களையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்கள். காலையில் இருந்த சிராய்ப்பைக் காலையிலேயே எழுதிவிட்டால் சாயங்காலம் சண்டை இல்லை. அதேபோல மாலையில் பிள்ளையை வாங்கும்போது நீங்களும் பார்க்கலாம். புதுக்காயம் இருந்தால் எப்படி, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார் என்று எழுத்தில் கேட்கலாம். பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் சமூகநல அதிகாரியிடம் தெரிவிப்பது பராமரிப்பாளரின் கடமை என்று 2001-ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் சொல்கிறது. அது அவர்களுடைய மூக்கு நுழைக்கும் ஆசை இல்லை.

கே: கழுத்தில் கறுப்புக் கயிறும் தாயத்தும். கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். கண்பட்டால் யார் பொறுப்பு? (களும்பாங்)

ப: கண் படும்முன் கயிறு மாட்டும். தூங்கும் குழந்தையின் கழுத்துக் கயிறு கட்டில் கம்பியில் சிக்கினால் சத்தமே வராது. தாயத்தைப் பிடுங்கி வாயில் போட்டால் மூச்சுக்குழாய்க்குச் சரியான அளவு. கன்னத்தில் மைப்பொட்டு ஒன்று பெரிதாக வைத்து அனுப்புங்கள். திருஷ்டிக்கும் ஆயிற்று, தாஸ்காவும் ஆட்சேபிக்காது.

கே: குப்புறப் போட்டால்தான் என் மகன் தூங்குவான். தாஸ்காவில் மல்லாக்கத்தான் போடுவார்களாம். தலையணையும் கூடாதாம். (அம்பாங் பெச்சா)

ப: ஒரு வயதுவரை மல்லாக்க, கெட்டியான மெத்தையில், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இல்லாமல். திடீர்க் குழந்தை மரணத்தைக் குறைக்கும் வழி என்று உலகெங்கும் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இன்னொன்றையும் கேளுங்கள்: பால் போத்தலைத் துணியில் சாய்த்து, குழந்தை வாயில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் உண்டா? புரையேறினால் போத்தல் கூப்பிடாது. மடியில் வைத்துப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, பிறகு படுக்கவைக்க ஆள் வேண்டும். மேலே சொன்ன மூன்றுக்கு ஒருவர் கணக்கு இங்கேதான் உயிர் பெறுகிறது. போய்ப் பார்ப்பதென்றால் மதியம் தூங்கும் நேரத்தில் போங்கள். தூங்கும் பிள்ளைகளுக்கு நடுவே ஒருவர் விழித்திருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

கே: ஆறு மாதக் குழந்தைக்குச் சூப்பானில் தேன் தொட்டு அனுப்பலாமா? (ஒரு மாமியார், ஜெராம்)

ப: ஒரு வயதுவரை கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். மருமகளைக் கேட்காதீர்கள், கிளினிக்கில் கேளுங்கள்.

கே: தொண்டையில் ஏதாவது சிக்கினால் தாஸ்காவில் என்ன செய்வார்கள்? (கெர்லிங்)

ப: அதை அவர்களிடமே கேளுங்கள். "டாக்டரிடம் கொண்டுபோவோம்" என்பது போதாது, மூச்சு அடைத்தால் சில நிமிடங்கள்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தலை தாழ முன்கையில் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் 5 அழுத்தல், கூடவே ஒருவர் 999-க்கு அழைக்க வேண்டும். பெரிய பிள்ளைக்கு முறை வேறு. முதலுதவிப் பயிற்சி பெற்றவர் எந்த ஷிப்டில் இருக்கிறார் என்றும் கேளுங்கள். பழக்காலத்தில் ரம்புத்தான், தீபாவளியில் முறுக்கு, எப்போதும் கச்சான்: மூன்றையும் பையில் வைத்து அனுப்பாதீர்கள்.

கே: கைகால்வாய் நோய் என்று சொல்லி வாரக்கணக்கில் திருப்பி அனுப்புகிறார்கள். என் லீவு போகிறதே! (புக்கிட் பெருந்தோங்)

ப: வேதனை நியாயமானது. ஆனால் 1997-இல் சரவாக்கில் இதே நோய் பல பிள்ளைகளைக் கொண்டுபோனது. பெரும்பாலும் தானே ஆறிவிடும், சிலருக்கு மூளைவரை போகும். கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் கிருமி வாரக்கணக்கில் இருக்கும் என்பதால் டயப்பர் மாற்றுகிற இடமும் கை கழுவும் சோப்பும்தான் உண்மையான தடுப்பு. நோய் பரவினால் சுகாதார இலாகா தாஸ்காவையே மூடலாம், 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பத் தயங்கினால் பிறகு எல்லாப் பெற்றோருக்கும் லீவு போகும்.

கே: சிசிடிவி இருந்தால் போதும்தானே? (ரவாங்)

ப: அது நடந்ததைச் சொல்லும். தடுப்பதற்கு ஆள் வேண்டும்.

கே: தீ, வெள்ளம் என்று ஒத்திகை நடத்துகிறார்களாம். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தக் கூத்து? (கோலகுபு பாரு)

ப: ஒத்திகை பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்கு. 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபுவை வாரிக்கொண்டு போன வட்டாரம் இது. 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங்காலி முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்ததும் இந்த உலு சிலாங்கூரில்தான். தாஸ்காவில் மூன்று கேட்கவும்: இரும்புக் கிரில் சாவி எங்கே தொங்குகிறது? நடக்கத் தெரியாத குழந்தைகளை எதில் வைத்து வெளியே கொண்டுவருவீர்கள்? வெளியே வந்ததும் தலையெண்ணப் பதிவேட்டை எடுத்துவருவது யார்? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் ஒத்திகை நடந்திருக்கிறது.

கே: மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் யாரிடம் சொல்வது? (தஞ்சோங் காராங்)

ப: முதலில் நடத்துபவரிடம், தேதி போட்டு எழுத்தில். மழுப்பினால் மாவட்ட சமூகநல இலாகா. அவசரம் என்றால் 15999, தாலியான் காசே உதவித் தொலைபேசி. அடிபட்ட தழும்பு இருந்தால் மருத்துவமனை, போலீஸ். படம் எடுத்து வாட்சாப் குழுவில் போடுவது கடைசியில்கூட வேண்டாம். பிள்ளையின் முகம் ஊர் சுற்றும், விசாரணை கெடும்.

கே: இத்தனையும் அவர்கள் செய்ய வேண்டும். நாங்கள் செய்ய வேண்டியது? (அம்பாங் பெச்சா)

ப: நேரத்துக்கு வந்து பிள்ளையை அழைத்துப் போவது. கட்டணத்தை இழுத்தடிக்காமல் கட்டுவது, ஏனென்றால் சம்பளம் வராத ஆசிரியை நிலைக்க மாட்டார், புது ஆசிரியைக்கு உங்கள் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்று தெரியாது. "முடியாது" என்று சொன்னால் முகத்தைத் தூக்காமல் இருப்பது. பிறகு, அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தீர்களே ஒரு போன் எண், அதை இன்றைக்கே போய்ச் சரிபாருங்கள். போன வருடம் தூக்கிப்போட்ட சிம்மின் எண்ணாக இருக்கும்.