திரிந்த பாலின் பெருமை

தமிழ்நாட்டு வீடுகளில் அடுப்பில் வைத்த பால் திரிந்துவிட்டால், பால்காரர் முதல் பாத்திரம் கழுவியவர் வரை எல்லோர் மேலும் விசாரணை நடப்பது வழக்கமாயிருக்க, வங்காளத்திலோ அதே விபத்தை நாள்தோறும் வேண்டுமென்றே நிகழ்த்தி, எடைபோட்டு விற்றும் வருகிறார்கள். காய்ச்சிய பசும்பாலைச் சற்றே ஆறவிட்டு, முந்தைய நாள் வடித்துப் புளிக்கவைத்த பால்தெளிவை, அதாவது திரிந்த பாலிலிருந்து பிரியும் வெளிறிய பசுமஞ்சள் நீரை, சிறிது சிறிதாக ஊற்றினால் திரண்டு வருவதும், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடிக்கப்படுவதுமான இளம் பாலாடைக்கட்டியே சானா எனப்படும். பாரமேற்றி அழுத்தினால் அது பன்னீராகிவிடும். எருமைப்பால் சானா கெட்டிப்பட்டு, அதில் செய்யும் ரசகுல்லாவை ரப்பர் பந்தாக்கிவிடும் என்பதால், இத்தொழிலில் எருமைக்கு மரியாதை குறைவு.

பாலைத் திரிப்பது தகாது என்றிருந்த பழைய கூச்சத்தைப் போக்கியது, 17ஆம் நூற்றாண்டில் ஊக்ளி ஆற்றங்கரையில் வாழ்ந்த போர்த்துகீசியரின் பாலாடைக்கட்டி ஆசையே என்பது உணவு வரலாற்றாளர் கே. டி. அச்சயாவின் கருத்து. பூரி ஜகந்நாதர் அதற்கு வெகுகாலம் முன்பே ரசகுல்லா உண்டார் என்று ஒடிசாவினர் வாதிட, புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2017இல் வங்காளத்துக்கும் 2019இல் ஒடிசாவுக்கும் தனித்தனிச் சான்றிதழ் வழங்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் இவ்வணிகத்தின் உயிர்நாடி வரலாற்றில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. ஊர்ப்புறங்களிலிருந்து துணிமூட்டையாகவும் கூடையாகவும் புறநகர் ரயிலில் ஏறும் சானா, கொல்கத்தா வந்து சேரும்வரை வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வருவதால், சொட்டுகிற ஒவ்வொரு துளியும் விற்பவருக்கு எடையிழப்பு, உடன் பயணிப்பவருக்குச் செருப்பு நனைதல். வாங்குபவரோ ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, மணலாய் நெருடுகிறதா, வெண்ணெயாய் இழைகிறதா என்று பார்த்தபின், மிச்சத்தைப் பிழிந்தும் பார்ப்பார். அப்போது விற்பவரின் முகத்தைப் பார்ப்பது நாகரிகமன்று. சானாவில் 65% வரை ஈரப்பதம் இருக்கலாம் என்று இந்திய உணவுத் தரவிதியே இடங்கொடுத்திருப்பதால், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீரை விலைகொடுத்து வாங்குவதில் சட்டப்படி குறையொன்றுமில்லை.

இத்தகைய பண்டத்தின்மீது கைவைத்த துணிச்சல்காரர், அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென். பால் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி, 1965இல் அவரது அரசு சானா இனிப்புகளுக்குத் தடை விதித்தது. தடை நிலைக்கவில்லை, 1967 தேர்தலில் ஆராம்பாக் தொகுதியில் சென்னும் நிலைக்கவில்லை. அத்தோல்விக்கு அரிசிப் பஞ்சத்தையும் கட்சிப் பிளவையும் காரணம் காட்டும் வரலாற்றாசிரியர்கள், ரசகுல்லாவுக்கு உரிய இடத்தை அளிக்கத் தவறியவர்களே.