தினம் ஒரு சாதனை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகளுக்கு ஒரு கையேடு

காலையில் கண் விழித்ததும் உற்சாகம் பொங்க வேண்டும் என்று எல்லாச் சுயமுன்னேற்றப் புத்தகங்களும் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரும் காலை எட்டரை மணிக்குக் குமணன்சாவடி சிக்னலில் நின்றவர்களாகத் தெரியவில்லை. மேற்குப் புறநகரில் உற்சாகமும் குழாய்த் தண்ணீர் மாதிரிதான். வரும்போது பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அதற்கு வல்லுநர்கள் சொல்லும் வழி, அன்றாடம் செய்து முடிக்கும் சின்னச் சின்ன காரியங்களைக் கொண்டாடுவது. கீழ்க்காணும் விதிகளைக் கடைப்பிடித்தால் ஒரே மாதத்தில், வீட்டு வாசலுக்கு உட்பட்ட எல்லையிலாவது, நீங்கள் ஒரு பிரமுகர்.

விதி 1: தீர்மானத்தைச் சிறிதாகப் போடவும்

பெரிய தீர்மானத்துக்குப் பேர்போன ஊர் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, யு.என்.தேபர் தலைமையில், சோஷலிச பாணி சமுதாயமே நமது இலக்கு என்று தீர்மானித்தது. அந்தச் சமத்துவம் அப்பழுக்கில்லாமல் நிறைவேறிய இடம் ஆவடி ஷேர் ஆட்டோ. அதில் பணக்காரர், ஏழை என்ற பேதமின்றி எல்லோரும் ஒரே அளவுக்கு நசுங்குகிறார்கள்.

ஆகவே “இந்த வருஷம் பத்து கிலோ குறைப்பேன்” என்றெல்லாம் கிளம்ப வேண்டாம். “இன்று பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று நடப்பேன், நடந்துவிட்டு பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்ப மாட்டேன்” என்பது போதும். இரண்டாம் பாதி சிரமமாகத் தோன்றினால் காற்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கி, தீர்மானத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

விதி 2: எது சாதனை என்று தெரிந்துகொள்ளவும்

கீழ்க்கண்டவை சாதனைக் கணக்கில் சேரும்:

- பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவர், அங்கே நிற்காத ஃபாஸ்ட் லோக்கலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிடாமல் இருந்தது.
- “என்னம்மா, மோட்டார் போட்டுட்டு தூங்கிட்டீங்களா?” என்று பக்கத்து வீட்டம்மா குரல் கொடுப்பதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தியது.
- கரண்ட் ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறிவிடாமல் 496-இல் நின்றது. அதற்காகக் கடைசி வாரம் குடும்பமே மொட்டை மாடியில் படுத்தது தியாகக் கணக்கில் வரும், கொசுக்கடி தனி.

பிராட்வேயில் ஏறி பூந்தமல்லி வரை 54-இல் உட்கார்ந்து வந்தது இந்தப் பட்டியலில் வராது, அது அதிர்ஷ்டம். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்திருந்தால் பரிசீலிக்கலாம்.

விதி 3: ஜப்பானைப் பின்பற்றவும், அது பாடியில்தான் இருக்கிறது

சின்ன முன்னேற்றத்தைக் கொண்டாடும் கலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998-இல் வாங்கியது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் நிறுவனம் அதுதான். 2004-இல் அதே பாடியின் லூகாஸ் டிவிஎஸ்ஸும் வாங்கியது. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்று லேத் பட்டறை வரைக்கும் ‘கைசன்’ என்ற சொல் புழங்குகிறது.

கைசன் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மெஷினில் நிற்பவரே தன் வேலையில் சின்னதாக ஒன்றைத் திருத்துவது. ஸ்பேனரை டூல் பாக்ஸில் தேடாமல் கைக்கெட்டும் ஆணியில் மாட்டுவார். அதைப் பலகையில் ஒட்டுவார்கள்: ‘முன்’ என்று ஒரு போட்டோ, ‘பின்’ என்று ஒரு போட்டோ, கீழே ஆபரேட்டர் பெயர், எந்த டிபார்ட்மென்ட், எத்தனை நொடி மிச்சம். சில இடங்களில் மாதக் கடைசியில் ஒரு ஹாட் பாக்ஸும் கிடைக்கும். ஆனால் விஷயம் ஹாட் பாக்ஸில் இல்லை. ஷிப்ட் மாறும்போது நாலு பேர் பலகை முன்னால் நின்று, “யோவ், உன் போட்டோ நல்லா விழுந்திருக்குய்யா” என்பார்கள் பாருங்கள், அதில் இருக்கிறது.

வீட்டில் பலகைக்கு ஃப்ரிட்ஜ் கதவு போதும். முன்: வண்டிச் சாவியைத் தேடும் குடும்பம். பின்: ஆணியில் தொங்கும் சாவி. மிச்சம்: தினம் ஏழு நிமிடம், ஒரு சண்டை.

விதி 4: யாராவது சிரித்தால் ஹார்வர்டைக் காட்டவும்

ஹார்வர்டின் தெரேசா அமபிலேயும் அவரோடு ஸ்டீவன் கிரேமரும் 238 ஊழியர்களைத் தினமும் குறிப்பெழுத வைத்து, ஏறத்தாழ 12,000 குறிப்புகளை அலசி, 2011-இல் புத்தகமாகவே போட்டார்கள். அர்த்தமுள்ள வேலையில் ஓர் அடி முன்னேறினாலே போதும், ஊழியரின் அன்றைய மனநிலையைத் தூக்கி நிறுத்துவதில் அதற்குத்தான் முதலிடம் என்பது அவர்கள் கண்டது. வீட்டில் இதைச் சத்தமாகப் படிக்கும்போது ‘அர்த்தமுள்ள’ என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடவும். ரீல்ஸ் பார்ப்பது அதில் சேருமா என்று யாராவது கேட்பார்கள்.

விதி 5: காரியத்துக்கு ஏற்ற விழா

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அதற்கு விழா எடுக்கலாம். ஏறத்தாழ நாற்பது டன் காரியம் அது. நீங்கள் கேஸ் சிலிண்டர் மாற்றியதற்கு அதே அளவுகோலை எதிர்பார்த்தால் உரையாடல் இப்படித்தான் போகும்:

“சிலிண்டர் மாத்திட்டேன்.”

“சரி.”

“ஒரே ஆளா மாத்தினேன்.”

“நான் மட்டும் என்ன, ஊரைக் கூட்டியா மாத்திட்டு இருந்தேன்?”

இந்தக் கட்டத்தில் விழா இனிதே நிறைவுற்றதாகக் கொள்ளவும். பல்பு மாற்றினால் ஒரு டீ. ஒழுகும் குழாய்க்கு வாஷர் போட்டால் டீயோடு ஒரு மசால் வடை. சொத்து வரியைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிட்டால் குடும்பத்தோடு பிரியாணி. ஃபிளெக்ஸ் பேனர் எதற்கும் கிடையாது.

விதி 6: சின்ன வேலைதானே என்ற சலிப்பு வந்தால்

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பியை நினைத்துக்கொள்ளவும். ராமானுஜர் காலத்தவர். பூந்தோட்டம் வைத்தார்; பூவைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தினார்; ஆலவட்டம் வீசினார். சுருக்கமாகச் சொன்னால் விசிறிவிட்டார். அந்த வேலைக்காகப் பெருமாளே அவரோடு பேசினார் என்பது வைணவ மரபு. தம் மனத்திலிருந்த கேள்விகளுக்குப் பெருமாளிடம் விடை வாங்கித் தரச் சொல்லி ராமானுஜர் வந்து நின்றதும் இவரிடம்தான்.

கரண்ட் போன இரவுகளில் நம் வீடுகளிலும் குழந்தைக்கு யாரோ ஒருவர் விடிய விடிய விசிறிக்கொண்டுதான் இருக்கிறார். காலையில் அவரிடம் நாம் பேசும் முதல் வார்த்தை, “காபி ஆச்சா?”

விதி 7: பலகையால் வரும் பின்விளைவுகள்

ஃப்ரிட்ஜ் கதவில் பலகை வைத்த மூன்றாம் நாள் ஒரு விபரீதம் நிகழும். உங்கள் பெயருக்கு நேராக ‘சாவி ஆணி’ என்று ஒரே வரி இருக்கும். மனைவி, “நானும் எழுதலாமா?” என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுப்பார். அஞ்சரைக்கு எழுந்து தண்ணி பிடிச்சது. மூணு டிபன் பாக்ஸ், மூணும் வேற வேற. பால் பொங்காம பார்த்துக்கிட்டது. அத்தைக்குப் பிரஷர் மாத்திரை. கேன் தண்ணிக்காரருக்கு ரெண்டு போன். ரேஷன் கடை மெஷின்ல கைரேகை விழாம நாலு தடவை வெச்சு, அஞ்சாவது தடவை விழ வெச்சது. ஃப்ரிட்ஜ் கதவில் இடம் தீர்ந்து, எழுத்து பீரோவுக்கு நகரும்போது மணி காலை பத்துகூட ஆகியிருக்காது.

பதறிப்போய்ப் பலகையைக் கழற்றக் கூடாது. “சும்மா விளையாட்டுக்குத்தானே வெச்சோம்” என்று மழுப்புவதும் விதிமீறல். ஹாட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அதில் சப்பாத்தி போட வேண்டியவரும் அவரே என்பதைக் கவனிக்கவும். எஸ்டேட்டில் இதற்கு லைன் பாலன்சிங் என்று ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: ஒரே மெஷின் மேல் எல்லா லோடும் விழுந்தால், பாதியைத் தூக்கி, சும்மா இருக்கும் அடுத்த மெஷினுக்குக் கொடுப்பார்கள். அடுத்த மெஷின் இப்போது சோபாவில் சாய்ந்து இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கிறது.