சும்மா குரைத்தல் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

பெறுநர்: இக் நோபல் பரிசுக் குழுவினர், கேம்பிரிட்ஜ், மாசச்சூசெட்ஸ், அமெரிக்கா.
பொருள்: நாய்மொழி பெயர்ப்புப் பரிசில் என் அத்தையையும் சேர்க்கக் கோருதல்.
பார்வை: தாங்கள் 2002இல் வழங்கிய அமைதிப் பரிசு.

மதிப்பிற்குரியீர்,

ஜப்பானின் தகாரா பொம்மைக் கம்பெனி செய்த 'பவ்லிங்குவல்' கருவியை மறந்திருக்க மாட்டீர்கள். நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு மைக், நம் கையில் ஒரு சின்னப் பெட்டி. குரைப்பை மகிழ்ச்சி, சோகம், எரிச்சல், எச்சரிக்கை, வீறாப்பு, ஏக்கம் என்று ஆறாகப் பிரித்து, தோதான வாக்கியம் ஒன்றைத் திரையில் காட்டும். மனிதருக்கும் நாய்க்கும் நல்லிணக்கம் வளர்த்ததென்று பரிசு கொடுத்தீர்கள். ஊரே சிரித்தது. கடைக்காரர்கள் மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்கள்.

அப்படி வந்த சரக்கில் ஒன்றைப் போன தீபாவளிக்கு நானும் வாங்கினேன். கேமரா வைத்த டப்பா. ஆபீஸில் உட்கார்ந்து போனைத் தொட்டால், வீட்டில் 'டொப்' என்று பிஸ்கட் விழும். நம் குரலும் கேட்கும். முதல் நாள் என் நாயிடம், "மணி, சாப்பிட்டியாடா?" என்றேன். மணி டிவி மேஜைக்குப் பின்னால் போய் மோந்து பார்த்தது, ஒயரைப் பிராண்டியது, சோபாவுக்கு அடியில் தலையை விட்டுத் தேடியது. கடைசியில் டப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வாலாட்டியது. பதினைந்தே நாள்தான். முன்பெல்லாம் பைக் சத்தத்துக்கே கேட்டுக்கு ஓடிவரும் பிள்ளை, நான் உள்ளே நுழைந்தால் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பா பக்கம் திரும்பிக்கொள்கிறது. நியாயம்தானே, பிஸ்கட் போட்டது யார்?

ஒருநாள் பகல் பன்னிரண்டுக்கு, மீட்டிங் நடுவில், 'உங்கள் செல்லம் குரைக்கிறது' என்று போனில் எச்சரிக்கை. பதறி வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"அது சும்மா குரைக்குதுப்பா. நீ வேலையப் பாரு."

பாருங்கள், பவ்லிங்குவலின் அந்த ஆறில் 'சும்மா' கிடையாது. அத்தை அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு", "அடுத்த தெரு கறுப்பன் உள்ள வர்றான்", "தண்ணி காலியாப் போச்சு" என்று மூன்று குரைப்புக்கு மூன்று பொருள் சொல்வார். பேட்டரி வேண்டாம். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை மட்டும் சேவை இயங்காது, தூங்கப் போய்விடுவார்.

ஜப்பானியர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சோனி 1999இல் விட்ட ஐபோ என்ற இயந்திர நாய்க்கு 2014இல் பழுதுபார்ப்பு நின்ற பிறகு, பழுதானவற்றைச் சிபா மாகாணத்துக் கோஃபுகுஜி கோயிலில் வரிசையாக அடுக்கி, மந்திரம் சொல்லி வழியனுப்பினார்கள். பொம்மைக்கு அவ்வளவு செய்கிறார்கள். நானோ உயிருள்ள நாயைப் பொம்மையிடம் ஒப்படைத்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

ஆகவே, அத்தைக்குப் பரிசளித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளில் பரிசுப் பணமாக 10 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் தாளைத் தந்தீர்களாமே, அது வேண்டாம். டீக்கடைப் பொறையாகக் கொடுத்தால் மணிக்கும் ஆகும்.

இப்படிக்கு,
மணியின் பழைய எஜமான், மதுரை.

பி.கு.: இதை முடிக்கும் நேரம் மணி குரைக்கிறது. மணி இரண்டேகால், அத்தை தூங்குகிறார். நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.