கல்லைச் சுற்றவைத்த கை

கேள்வி: செல்போன் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியவில்லை. இதேபோல, வருங்காலத்தில் ‘இது இல்லாமல் முடியாது’ என்று ஆக வேண்டிய கருவி எது?
– வாசகி, ஈரோடு

பதில்: செல்போனை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் நம் மனசு மட்டும்தான் தவிக்கும். கிரைண்டர் நின்றுபோனால் வீடே தவிக்கும்!

என் அம்மா ஆட்டுக்கல் முன்னால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்காருவார். வலக்கை குழவியைச் சுழற்றும். இடக்கை மாவைத் தள்ளிவிடும். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். கோயமுத்தூர்க்காரர்கள் கணக்கை மாற்றிப் போட்டார்கள்: குழவியை நிறுத்திவைத்து, கல்லையே மோட்டாரால் சுற்றவிட்டார்கள். ‘கோயமுத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, ஏழை வீட்டுக் கைகளுக்கும் ஓய்வு கிடைத்தது.

ஒரு கருவி அவசியமா, ஆடம்பரமா என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: அது யாருடைய கையை விடுவிக்கிறது?

அந்தக் கணக்கில் அடுத்த அவசியம், பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் ரோபோ. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-லேயே சட்டம் தடுத்துவிட்டது. ஆனாலும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோ 2018-லேயே வேலையில் இறங்கிவிட்டது. கேமரா வழியே பார்த்தபடி மேலிருந்தே இயக்கலாம். ஊருக்கு ஊர் அது வரட்டும். இட்லிக்கு மாவாட்ட இயந்திரம் கண்ட நாம், உயிரைக் காக்கவா தயங்குவோம்?