அகராதி பிடித்தவர்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க முயல்வோர் இரு வகையினர். படிக்கும்போது எதிர்ப்படும் அருஞ்சொல்லுக்குப் பொருள் தேடுபவர் முதல் வகையினர். அருஞ்சொல்லை முன்னதாகவே கைப்பற்றிக்கொண்டு, அதைச் சொல்வதற்கேற்ற நிகழ்ச்சி உலகில் எப்போது நடக்கும் என்று காத்திருப்பவர் இரண்டாம் வகையினர். முதல் வகையினரால் அக்கம்பக்கத்தார்க்குத் தொல்லை ஏதுமில்லையாதலின் அவர்களை ஆராய வேண்டியதில்லை. இரண்டாம் வகையினரே இங்கு 'அகராதி பிடித்தவர்' எனக் குறிக்கப்படுகின்றனர். இத்தொடருக்கு ஊர்வழக்கில் உள்ள மற்றப் பொருளும் அவருக்குப் பொருந்துமா என்பதை அவருடைய வீட்டார்தாம் முடிவுசெய்ய வேண்டும்.

தமிழகத்து நகரங்களில் இவர் பெரும்பாலும் வங்கியிலோ இரயில்வேயிலோ பணியாற்றி ஓய்வுபெற்றவராகவும், காலையில் வரும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு முடிக்கும்வரை வேறொருவர் கையில் கொடாதவராகவும் காணப்படுவார். 1949இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இவருடைய மறைநூல். கிரேக்க, இலத்தீன் வேர்ச்சொற்களை, அதாவது பல சொற்களுக்கு அடிப்படையாய் நிற்கும் மூலங்களைக் கற்பித்து, அவற்றிலிருந்து கிளைக்கும் சொற்களை இனம் இனமாக விளங்கவைப்பது அந்நூலின் முறை, நல்ல முறைதான். ஆயினும் அந்நூல் மனித இயல்புகளைக் குறிக்கும் சொற்களை முதலிலும், மருத்துவர் வகைகளைக் குறிக்கும் சொற்களை அடுத்தும் வைத்திருப்பதாலும், ஆண்டுதோறும் சனவரி முதல் நாள் தொடங்கும் இவருடைய படிப்பு பொங்கல் கழிந்ததும் நின்றுவிடுவதாலும், இவர் திரட்டிய செல்வம் முழுவதும் மனிதரை வெறுப்போர், பெண்களை வெறுப்போர், திருமணத்தை வெறுப்போர் ஆகியோரையும் தோல், கண், எலும்பு மருத்துவர்களையும் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. மகளைப் பிரசவத்திற்குச் சேர்க்கப் போன இடத்தில், வரவேற்பு மேசைப் பெண்ணிடம் ஆப்ஸ்டெட்ரிஷியனுக்கும் கைனகாலஜிஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டு நிற்கும் பெரியவர், மருத்துவர் அதிகாரத்தைத் தாண்டாதவர் என்று துணியலாம்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து, கற்றவை முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நினைவிலிருந்து நழுவுகின்றன என்பதை 1885இல் வெளியிட்டார்; அந்நழுவலை வரைந்து காட்டுவதே மறதி வளைகோடு எனப்படுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் சொல் நிலைக்கும் என்பது அகராதி பிடித்தவருக்கும் தெரியும். பயன்படுத்த இடமில்லை என்பதுதான் அவருடைய துயரம். பட்டுப்புடவையைப் பீரோவில் வைத்திருப்பவர் கல்யாணம் வரும்வரை பொறுத்திருப்பார். இவரோ புடவைக்காகக் கல்யாணம் ஏற்பாடு செய்பவர். இரங்கலைக் குறிக்கும் சொற்கள் நான்கைப் புதிதாகக் கற்ற வாரத்தில், தூரத்து உறவினர்களின் உடல்நிலையை இவர் விசாரிக்கும் முறையில் ஓர் அவசரம் தென்படும்.

சொல்லைச் சொல்வதைவிட, அதைக் கேட்டவர் விழிக்கும் கணமும், பின்னர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பொருள் கூறும் வாய்ப்புமே இவருக்குப் பேரின்பம். ஆகவே பிறர் அறியாமை இவருடைய மூலதனம். 2017 மே மாதம், திருவனந்தபுரம் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர், தாறுமாறான கலவை என்னும் பொருளுடைய 'ஃபராகோ'வை ட்விட்டரில் எடுத்தாள, நாடே அகராதியைப் புரட்டியது இவ்வினத்தார்க்கு நேர்ந்த பேரிழப்பாகும். பல்லாண்டு பொத்திப் பாதுகாத்த சொல் டீக்கடைக்கு வந்துவிட்டதால், குறிப்பேட்டில் அதன்மேல் கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு தரூரே, ஒன்றைப் பயனற்றதென மதிப்பிடும் செயலைக் குறிப்பதும் ஆங்கிலத்தில் 29 எழுத்துகள் கொண்டதுமான ஒரு சொல்லை வெளியிட்டபோது, அதைச் சொல்லிப் பார்த்த மூத்தோர்க்குப் பல்செட் இடம்பெயர்ந்ததேயன்றி வேறு பயன் விளையவில்லை.

இளையோரிடையே இவ்வினத்தை வளர்த்தவை, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான ஜி.ஆர்.இ. தேர்வும், அதற்கெனப் பேரன்ஸ் பதிப்பகம் தந்த 3,500 சொற்கள் கொண்ட பட்டியலும். 2011இல் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்கள் நீக்கப்பட்ட பின்னர் பட்டியலின் மவுசு குறைந்தது.

இவர்கள் அறிய விரும்பாத பெயர் ஒன்று உண்டு. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்து மாணவர்க்கு ஆங்கில வாசிப்பை எளிதாக்கும் முயற்சியில் இறங்கி, பின்னர் 1953இல் பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதிலுள்ள ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களும் அவற்றின் கிளைகளுமே சாதாரண எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிவிடும் என்பர். அகராதி பிடித்தவர் குடியிருப்பது எஞ்சிய ஒரு பங்கில். மற்ற நான்கில் மலிந்து கிடக்கும் முன்னிடைச்சொற்கள், அதாவது பெயருக்கு முன் நின்று இடம், காலம் முதலியவற்றைக் காட்டும் 'இன்', 'ஆன்', 'அட்' போன்றவை, இவரை இன்றும் பழிவாங்குகின்றன. அரிய சொல் வரையில் கம்பீரமாக நடந்த வாக்கியம், அடுத்து வருவது 'இன்'னா 'ஆன்'னா என்று தெரியாமல் இருமலில் முடியும்.

இருமலுக்கு இடமில்லாதது எழுத்து. ஆதலால் விண்ணப்பமே இவருடைய உகந்த இலக்கிய வடிவம். தெருவில் மின்சாரம் நின்றதும் மற்றவர்கள் விசிறியைத் தேட, இவர் முகம் மலர்ந்து பேனாவைத் தேடுவார். மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதப்படும் நான்கு பக்கங்களில், மன்னிக்கவொண்ணாத என்னும் பொருளில் 'எக்ரீஜியஸ்', கடனே என்று செய்கிற என்னும் பொருளில் 'பெர்ஃபங்க்டரி', அக்கறையற்ற என்னும் பொருளில் 'லக்கடெய்சிக்கல்' ஆகிய மூன்றும் இடம்பெறும். தெருவின் பெயரும் இணைப்பு எண்ணும் இடம்பெறா. இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் தொலைபேசியில் அழைத்து, "சார், லெட்டர் வந்துச்சு. இப்ப கரண்ட் இருக்குதா, இல்லையா?" என்று கேட்பார். "இருக்குதுங்க" என்று ஒற்றைச் சொல்லில் பதிலளித்து வைத்துவிட்டு, கடிதத்தின் நடையைப் பற்றி அவ்வதிகாரி ஒரு வார்த்தை கூடச் சொல்லாத அலட்சியத்தைக் கண்டித்து மேற்பார்வைப் பொறியாளருக்கு எழுத உட்காருவார். 'லக்கடெய்சிக்கல்' இம்முறை தன் பொருளிலேயே பொருந்தும்.