தேர் கொடுத்த வள்ளல்கள்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று பாரியை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. பாரி கொடுத்தது ஓடிக்கொண்டிருந்த தேர். ஓடுகிற தேரை யார்தான் கொடுக்க மாட்டார்கள்? ஓடுமா ஓடாதா என்று தாங்களே பார்த்திராத தேரை, ஒரு சென்னைப் பையனை நம்பி, உலகமே பார்க்க எடுத்துக் கொடுப்பதற்குத்தான் பெரிய மனசு வேண்டும். அந்த மனசு 2010-இல் ஸ்பெயின் நாட்டு ஹிஸ்பானியா அணிக்கு இருந்தது.

பையன் கருண் சந்தோக். அப்போது வயது 26. நாராயண் கார்த்திகேயனுக்குப் பிறகு ஃபார்முலா ஒன்னுக்குப் போன இரண்டாவது இந்தியர். அதற்கு முந்தைய படியான ஜிபி2 பந்தயங்களில் ஸ்பாவிலும் ஹாக்கன்ஹைமிலும் ஜெயித்தவர். இப்படிப்பட்டவரிடம் நல்ல காரைக் கொடுத்துவிட்டால், ஜெயித்தது காரா ஆளா என்று ஊர் சந்தேகப்படும். அந்தப் பழி வராமல் அவரைக் காப்பாற்ற அணி எடுத்துக்கொண்ட அக்கறை இருக்கிறதே, சொல்லி மாளாது.

எங்கள் கங்காதர நெல்லூரில் ஒரு பழைய வண்டிக்கு கிளட்ச் மாற்றினாலும், மெக்கானிக் சித்தூர் ரோட்டில் ஒரு நடை ட்ரையல் பார்க்காமல் சாவியைத் தர மாட்டார். பாவம், தன் கை வேலையின் மேலேயே நம்பிக்கை இல்லாத மனிதர். ஹிஸ்பானியாக்காரர்கள் அவ்வளவு தாழ்ந்துபோகவில்லை. மற்ற அணிகள் சீசனுக்கு முன்பே ஸ்பெயினில் நாள்கணக்காகச் சோதனை ஓட்டம் நடத்தியபோது, ஸ்பெயின்காரர்களான இவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கார் டல்லாரா செய்தது, எஞ்சின் காஸ்வொர்த். பஹ்ரைனில் நடந்த முதல் பந்தயத்தில், பயிற்சி நேரம் முழுக்க கருணின் கார் கராஜிலேயே இருந்தது. மெக்கானிக்குகள் தூக்கம் பார்க்காமல் அதைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரில் அவர் முதன்முதலாகத் தரையைத் தொட்டது சனிக்கிழமை தகுதிச் சுற்றில். பிரேக் எங்கே பிடிக்கும், கியர் எப்படி விழும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்குமா என்று பார்க்கவும் அதே நேரம்தான், மற்ற 23 பேரோடு மோதவும் அதே நேரம்தான். என்ன சிக்கனம்!

முதலிடம் பிடித்த வெட்டலைவிடப் பத்து விநாடிக்கும் மேல் பின்தங்கி 24-ஆவதாக வந்தார். மிக மெதுவான கார்களை வீட்டுக்கு அனுப்பும் 107 சதவீத விதி அந்த ஆண்டு நடப்பில் இல்லை. நல்லவர்களுக்கு விதியும் வழிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றை முடித்தார். இரண்டாவது சுற்றில் பாதையிலிருந்த ஒரு மேடு காரைத் தூக்கிப்போட, கதை முடிந்தது. பயிற்சியில் ஓட்டியவர்களுக்கு அந்த மேடு பழக்கம். இவருக்கு அந்தச் சுவாரசியம் கெடாமல் அணி பார்த்துக்கொண்டது.

இதோடு நின்றிருந்தால் எல்லோருக்கும் மரியாதை. பையன்தான் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மெல்போர்னில் பந்தயத்தை முடித்தே விட்டார்! முதலாவதாக வந்தவரைவிட ஐந்து சுற்று பின்தங்கி, 14-ஆவது இடம். அந்தக் காரில் அது எப்படி என்று கேட்காதீர்கள். காற்று கீழ்நோக்கி அழுத்தும் விசை போதாத கார் வளைவில் தரையைப் பிடிக்காது. முன்பக்கம் ஒரு திசைக்குப் போனால் பின்பக்கம் வேறு திசைக்கு ஆசைப்படும். டயர் சூடேறாது, ஏறினால் தேய்ந்துபோகும். இதற்கு நடுவே பின்னால் வேகக்காரர்கள் வரும்போதெல்லாம் நீலக் கொடி. ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒதுங்கினால் அழுக்கு ஓரத்தில் சக்கரம் ஏறி மறுபடி வழுக்கும். மலேசியாவிலும் முடித்தார், 15-ஆவது இடம், சக ஓட்டுநர் புரூனோ சென்னாவுக்கு முன்னால். மொனாக்கோவில் பந்தயம் முடியும் தறுவாயில் ராஸ்காஸ் வளைவில் யார்னோ ட்ரூல்லியின் லோட்டஸ் கார் இவர் காரின் மேலேயே ஏறிப்போனது. தலை தப்பியது. கணக்கில் அதுவும் 14.

கார் தேறிவிடுமோ என்ற பயமும் அணிக்கு இருந்திருக்க வேண்டும். மே மாதம் டல்லாராவோடு உறவை முறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேம்பாடும் காரில் வரவில்லை. மார்ச்சில் இருந்த கார், நவம்பர்வரை கற்புக் கெடாமல் இருந்தது.

பத்துப் பந்தயம் ஆனதும் கருணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஜெர்மனியில் அவர் இடத்தில் உட்கார்ந்தவர் ஜப்பானின் சகோன் யமமோட்டோ. அவர் கொண்டுவந்த பணம்தான் காரணம் என்று பந்தய வட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். வள்ளல்களைப் பற்றி இப்படியா பேசுவது! அணித் தலைவர் காலின் கோல்ஸ், 2005-இல் நாராயண் ஜோர்டான் அணியில் அறிமுகமானபோதும் அங்கே நிர்வாகத்தில் இருந்தவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள்மேல் அவருக்கு இருந்த பாசம் அப்படி. 2011-இல் ஹிஸ்பானியா நாராயணையே கூப்பிட்டது. மெல்போர்னில் அணியின் இரண்டு காரையுமே, அதற்குள் திரும்பி வந்திருந்த 107 சதவீத விதி வெளியே நிறுத்தியது. பாதி சீசனில் அவருக்கும் ஓய்வு; காரில் டேனியல் ரிக்கார்டோ ஏறினார். அக்டோபரில் கிரேட்டர் நொய்டா பந்தயத்துக்கு நாராயணைத் திரும்ப அழைத்தபோது, அவர் 17-ஆவது, ரிக்கார்டோ 18-ஆவது.

2012 முடிவில் அணி மூடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. ஆனால் 2010 பட்டியலில் ஹிஸ்பானியா கடைசி இல்லை. 11-ஆவது இடம்; வர்ஜின் அணிதான் 12. இரண்டுக்கும் புள்ளி பூஜ்யம் என்பதால், யார் அதிக முறை 14-ஆவதாக வந்தார்கள் என்று பார்க்க வேண்டியதாயிற்று. வர்ஜின் இரண்டு முறை, ஹிஸ்பானியா மூன்று முறை. அந்த மூன்றில் இரண்டு, பாதியில் இறக்கிவிடப்பட்ட கருண் சந்தோக் எடுத்தவை.